வடசென்னையிலிருந்து சினிமா படிக்க: துறை தேர்வு முதல் முதல் சம்பளம் வரை

சினிமா படிக்க வேண்டும் என்று வந்து கேட்கும் தம்பி தங்கைகளிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: சினிமாவில் என்ன? பெரும்பாலும் 'டைரக்‌ஷன்' என்றுதான் பதில் வரும். தப்பே இல்லை. ஆனால் ஒரு படத்துக்கு டைரக்டர் ஒருவர். படம் முடிந்ததும் திரையில் ஓடும் மற்ற பெயர்களை எழுந்து போகாமல் ஒரு முறை படித்துப் பாருங்கள். கேமரா, லைட், சவுண்ட், எடிட்டிங், கலை, உடை, கிராஃபிக்ஸ், கலரிங், புரொடக்‌ஷன் என்று நூற்றுக்கணக்கான பேர். அத்தனை பேரும் சினிமாவில் சம்பாதித்துச் சாப்பிடுகிறவர்கள்.

காசிமேட்டிலும் ராயபுரத்திலும் ஷூட்டிங் வண்டி நிற்காத வருடம் கிடையாது. பெரம்பூர் பின்னி மில்லில் செட் போட்டு எடுத்த படங்களுக்குக் கணக்கே இல்லை. தென்னிந்தியாவின் முதல் மௌனப் படத்தை எடுத்த நடராஜ முதலியார் ஸ்டுடியோ வைத்திருந்ததே பக்கத்திலிருக்கும் புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலையில்தான். சினிமா நமக்குப் புதுசு இல்லை. ஆனாலும் நம் ஏரியாவில் கேமரா வைத்தால் அதன் முன்னால் கூட்டமாக நிற்க நம்மைக் கூப்பிடுகிறார்கள். கேமராவுக்குப் பின்னால் நிற்கும் நம் ஆட்கள் இன்றைக்கும் குறைச்சல். இந்த வழிகாட்டி அந்தப் பின்பக்கத்துக்குப் போக நினைக்கிறவர்களுக்கு.

முதலில் துறை, அப்புறம் கல்லூரி

'எந்தக் கல்லூரி நல்ல கல்லூரி' என்று தொடங்கினால் குழப்பம்தான் மிஞ்சும். எந்த வேலை உங்களுக்கு ஒத்துவரும் என்று முதலில் தெரியட்டும். அதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு பயிற்சி சொல்கிறேன். உங்களுக்குப் பிடித்த படத்தில் மூன்று நிமிடக் காட்சி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை சத்தத்தை மொத்தமாக நிறுத்திவிட்டுப் பாருங்கள். இரண்டாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும் கேளுங்கள். மூன்றாம் தடவை ஷாட் மாறும் ஒவ்வொரு இடத்திலும் நோட்டில் ஒரு கோடு போடுங்கள். நான்காம் தடவை, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, முகத்தில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். கடைசியாக, அந்த அறையில் என்னென்ன பொருள் இருந்தது என்று பார்க்காமல் எழுதுங்கள்.

இதில் எந்தத் தடவை உங்களுக்கு நேரம் போனதே தெரியவில்லை? அங்கே இருக்கிறது உங்கள் துறை: காதால் கேட்டது என்றால் சவுண்ட், ஷாட் மாறும் இடம் என்றால் எடிட்டிங், வெளிச்சம் என்றால் ஒளிப்பதிவு, அறையின் பொருட்கள் என்றால் கலை. ஒரே காட்சியில் முடிவு செய்யாதீர்கள். பத்துக் காட்சியாவது இப்படிப் பாருங்கள். டைரக்‌ஷன்தான் என்று உறுதியாக இருக்கிறவர்களுக்கும் இது வீண்போகாது. எடிட்டிங் தெரிந்த டைரக்டரிடம் எடிட்டர் பேசும் விதமே வேறு.

பத்தாம் வகுப்பு முடிக்கிறவர்கள் இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு பக்கம் மனம் இருந்தால் பிளஸ் ஒன்னில் இயற்பியல் உள்ள குரூப் எடுப்பது நல்லது. சில நிறுவனங்களில் இந்தத் துறைகளுக்கு அது கட்டாயத் தகுதி. காமர்ஸ், ஆர்ட்ஸ் குரூப் எடுத்தவர்களுக்கு இயக்கம், எடிட்டிங், விஸ்காம், நுண்கலை எல்லாம் திறந்தே இருக்கின்றன.

எங்கே படிக்கலாம்

பிளஸ் டூ முடித்ததும் நேராகச் சினிமா படிக்க நினைக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தரமணியில் இருக்கும் தமிழ்நாடு அரசு எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம். பழைய ஆட்கள் அடையாறு பிலிம் இன்ஸ்டிட்யூட் என்பார்கள். 1945-இல் தொடங்கியது. பி.சி.ஸ்ரீராமும் ராஜீவ் மேனனும் ஒளிப்பதிவு படித்த இடம். இப்போது நான்கு வருடப் பட்டப்படிப்பாக நடக்கிறது. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, இயக்கமும் திரைக்கதையும், படத்தொகுப்பு, அனிமேஷன் மற்றும் விஷுவல் எஃபெக்ட்ஸ், டிஜிட்டல் இன்டர்மீடியட் (டி.ஐ. என்பார்கள், எடுத்த படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் வேலை) எனத் துறைவாரியாகச் சேர வேண்டும். சேரும்போதே துறையைச் சொல்லியாக வேண்டும் என்பதால்தான் மேலே அவ்வளவு நீட்டினேன். அரசு நிறுவனம், கட்டணம் குறைவு, இடங்களும் குறைவு. என்னைக் கேட்டால், வசதியில்லாத வீட்டுப் பிள்ளை முதலில் முயற்சி செய்ய வேண்டிய இடம் இதுதான். திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கத்திலிருந்து போக வர வழி இருக்கிறது: மின்சார ரயிலில் கடற்கரை நிலையம், அங்கிருந்து பறக்கும் ரயிலில் தரமணி. மாணவர் சீசன் டிக்கெட் எடுத்துவிட்டால் பயணச் செலவு பெரிய பாரமாக இருக்காது. பிராக்டிகல் நாட்களில் இரவு நேரமாகும். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, பலரும் யோசிக்காத ஒரு வழி: எழும்பூர் பக்கம் ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி. 1850-இல் தொடங்கிய இடம். தோட்டா தரணி, சாபு சிரில் என்ற இரண்டு பெரிய கலை இயக்குநர்கள் அங்கே படித்தவர்கள். பா.ரஞ்சித்தும் அங்கே படித்தவர்தான். கை வரைய ஓடும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான கதவு கிடையாது. நான்கு வருட பி.எஃப்.ஏ. (நுண்கலைப் பட்டம்), சேர்க்கைக்கு வரைதல் தேர்வு உண்டு. ஓவியம் படித்தால் கலை இயக்கம் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். ஃபிரேமைப் பார்க்கும் கண் அங்கே உருவாகிறது, அது எந்தத் துறைக்கும் உதவும்.

மூன்றாவது, விஸ்காம் எனப்படும் காட்சித் தொடர்பியல். மூன்று வருடப் படிப்பு. லயோலா, எம்.சி.சி. தொடங்கி நகரம் முழுக்கப் பல கல்லூரிகளில் இருக்கிறது. சினிமா, விளம்பரம், போட்டோகிராபி, டிசைன், இதழியல் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் சொல்லித் தருவார்கள். இதன் பலமும் பலவீனமும் அதுவே. துறை இன்னும் முடிவாகாதவர்களுக்கு நல்லது. முடிவானவர்களுக்கு ஆழம் போதாது. அரசுக் கல்லூரியில் கிடைக்குமா என்று தமிழக அரசு கலைக் கல்லூரிகளின் ஆன்லைன் சேர்க்கைத் தளத்தில் பாருங்கள். ஒரே விண்ணப்பத்தில் பல கல்லூரிகளைக் கேட்கலாம்.

வேறு பாடத்தில் பட்டம் வாங்கியவர்களுக்கும் வழி அடைபடவில்லை. வெற்றிமாறன் லயோலாவில் படித்தது ஆங்கில இலக்கியம். தொழில் கற்றது பாலு மகேந்திராவிடம். அந்த பாலு மகேந்திரா படித்தது புனே திரைப்படக் கல்லூரியில். 1960-இல் தொடங்கிய அந்தப் புனே நிறுவனமும், கொல்கத்தாவில் இருக்கும் சத்யஜித் ராய் நிறுவனமும் மத்திய அரசு நடத்துபவை. பட்டம் முடித்து, நுழைவுத் தேர்வு எழுதி, மூன்று வருடம் படிக்க வேண்டும். சவுண்ட் துறையில் ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டி புனேயில் படித்தவர். அங்கே சேர ஆங்கிலம் சரளமாக வரவில்லையே என்று தயங்க வேண்டாம். உலக சினிமா, இந்தியச் சினிமா பற்றிய பொது அறிவும், பார்த்ததை யோசித்து எழுதும் பழக்கமும்தான் அந்தத் தேர்வில் கைகொடுக்கும்.

தனியார் பயிற்சி நிலையங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆறு மாதம், ஒரு வருடம் என்று லட்சக்கணக்கில் வாங்கும் இடங்கள் கோடம்பாக்கத்தைச் சுற்றி நிறைய. நல்லவையும் இருக்கின்றன. பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். போன பேட்ச் மாணவர்கள் எடுத்த படங்களைக் காட்ட முடியுமா? எத்தனை பேருக்கு ஒரு கேமரா, எத்தனை பேருக்கு ஒரு எடிட் சிஸ்டம்? கொடுக்கும் சான்றிதழ் எந்தப் பல்கலைக்கழகத்துடையது? 'படத்தில் வாய்ப்பு வாங்கித் தருகிறோம்' என்பதையே முதல் வரியாகச் சொல்லும் இடத்தில் நான் என் வீட்டுப் பிள்ளையைச் சேர்க்க மாட்டேன்.

விண்ணப்பத்துக்கு முன்னால் ஒரு சின்னப் படம்

நேர்முகத்தில் 'இதுவரை என்ன செய்திருக்கிறாய்' என்று கேட்டால் காட்ட ஏதாவது இருக்க வேண்டும். அதற்கு வாடகை கேமரா வேண்டாம், கையில் இருக்கும் போன் போதும்.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பிளஸ் டூ பரீட்சை முடிந்து, ரிசல்ட்டுக்கும் அட்மிஷனுக்கும் காத்திருக்கும் அதே நாட்கள். விசைப்படகுகள் கரையில் நிற்கும். மரவேலை, வெல்டிங், பெயின்ட், வலை சரிபார்ப்பு என்று காசிமேட்டில் நாள் முழுக்க ஏதாவது ஒரு வேலை நடக்கும். ஓடாத படகு, அவசரமில்லாத ஆட்கள், நல்ல வெயில். முதல் படம் எடுக்க இதைவிட வசதியான இடமும் காலமும் சென்னையில் வேறு எங்கே இருக்கிறது?

ஒரு ஆள், ஒரு வேலை, மூன்று நிமிடம். இதுதான் கணக்கு. வலை பின்னும் பெரியவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் போனை வெளியே எடுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், அனுமதி கேளுங்கள். துறைமுகம் பாதுகாப்பு உள்ள பகுதி என்பதால் அங்கே இருப்பவர்களிடமும் கேட்டுவிடுங்கள். மறுநாள் காலை ஏழு மணி வெயிலில் போங்கள். நண்பகல் வெயில் தலைக்கு மேலிருந்து விழுந்து கண்குழியைக் கறுப்பாக்கிவிடும். காலை வெயில் பக்கவாட்டில் வருவதால் முகத்தில் மேடு பள்ளம் தெரியும். அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சுற்றி நடந்து, வெயில் அவர் தோளுக்குப் பின்னால் வரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து பார்த்தால் வலையின் ஒவ்வொரு இழையும் தனித்தனியாக மின்னும்.

அப்புறம் ஐந்து ஷாட். படகும் அவரும் தெரியும் தூரக் காட்சி. இடுப்புக்கு மேல். வலை ஊசி பிடித்த கை மட்டும். அந்தக் கையைப் பார்க்கும் கண். கடைசியாக, அவர் பார்க்கும் திசையில் என்ன இருக்கிறதோ அது. ஒவ்வொரு ஷாட்டையும் போனை அசைக்காமல் பத்து வினாடிக்கு மேல் ஓடவிடுங்கள். எக்ஸ்போஷரை (போன் எடுத்துக்கொள்ளும் வெளிச்ச அளவு) மாறாதபடி லாக் செய்துவிடுங்கள், இல்லையென்றால் வெள்ளைப் படகு குறுக்கே வரும்போதெல்லாம் முகம் இருட்டிவிடும்.

சவுண்ட் விஷயத்தில்தான் புதியவர்கள் கோட்டை விடுகிறார்கள். கடற்கரைக் காற்று மைக்கில் பட்டால் பேசுவது ஒன்றும் கேட்காது. இன்னொரு போனை வாங்கி, அதன் மைக் பக்கத்தில் மெல்லிய ஸ்பாஞ்சைச் சுற்றி, அவருக்கு அருகில் காற்று படாத இடத்தில் வைத்து ரெக்கார்ட் செய்யுங்கள். இரண்டு போனும் ஓடும்போது ஒரு முறை கை தட்டிவிட்டால் எடிட்டில் படத்தையும் ஒலியையும் சேர்ப்பது சுலபம். கிளாப் அடிப்பதன் வேலையே அதுதானே. கடைசியில் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் தனியாகப் பதிவு செய்யுங்கள். வெட்டும் இடங்களில் பள்ளம் விழாமல் நிரப்ப அது வேண்டும். எடிட்டிங், கலரிங் இரண்டுக்கும் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு போதுமானது. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையென்றால் போனிலேயே எடிட் செய்யுங்கள். நேர்முகத்தில் உட்காரும் ஆசிரியர்கள் எந்த மென்பொருள் என்று பார்ப்பதைவிட எங்கே வெட்டினீர்கள் என்றுதான் பார்ப்பார்கள்.

ரவுடி, கத்தி, கஞ்சா என்று ஆரம்பிக்க வேண்டாம். நம் ஏரியா என்றாலே அதைத்தான் காட்டுகிறார்கள் என்று கோபப்படுகிற நாமே அதை முதல் படமாக எடுத்தால் எப்படி? வியாசர்பாடியில் கால்பந்து ஆடும் பிள்ளைகள் இருக்கிறார்கள், கேரம் கிளப் இருக்கிறது, கானா பாடுகிறவர்கள், லேத் பட்டறை, எண்ணூர்க் கழிமுகத்தில் இறால் பிடிப்பவர்கள். நீங்கள் மட்டுமே கிட்டப் போய் எடுக்கக்கூடியவை அவை.

காகித வேலையும் பணமும்

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழ் மூன்றையும் ரிசல்ட்டுக்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். ஜூனில் அங்கே நிற்க இடமிருக்காது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். நீங்கள் சேரும் படிப்புக்கு அது பொருந்துமா என்று கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். எஸ்.சி., எஸ்.டி., பி.சி., எம்.பி.சி. மாணவர்களுக்கான கல்வி உதவித்தொகை தனி.

வீட்டில் பேசுவது இதைவிடக் கஷ்டம். 'சினிமாவா?' என்று அம்மா கேட்பதில் நியாயம் இருக்கிறது. சினிமாவை நம்பிப் போய் ஒன்றுமில்லாமல் திரும்பிய யாராவது ஒருவர் எல்லாத் தெருவிலும் இருக்கிறார். கனவைப் பற்றிப் பேசாமல், இது பல்கலைக்கழகப் பட்டம், பேங்க் வேலை முதல் அரசுத் தேர்வு வரை டிகிரி கேட்கும் எதற்கும் இதைக் கொண்டு விண்ணப்பிக்கலாம் என்று சொல்லுங்கள். எடுத்த மூன்று நிமிடப் படத்தைப் போட்டுக் காட்டுங்கள். பெண் பிள்ளைகளின் வீட்டில் பாதுகாப்பு பற்றிய கேள்வி வரும். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் எந்த இடத்திலும் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். சினிமா கம்பெனிக்கும் அது பொருந்தும். கல்லூரியிலும் சரி, பிறகு வேலைக்குச் சேரும் யூனிட்டிலும் சரி, அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை.

படிக்கும் வருடங்களில்

வகுப்பில் சொல்லித் தருவது பாதி. மீதி, கூடப் படிப்பவர்களின் படங்களில் வேலை செய்வதில் கிடைக்கும். உங்கள் துறை எடிட்டிங் என்றாலும் ஒரு படத்துக்கு லைட் தூக்குங்கள், ஒரு படத்துக்கு பூம் (நீளக் கம்பியில் கட்டிய மைக்) பிடியுங்கள். பின்னாளில் உங்களை வேலைக்குக் கூப்பிடப் போவது இந்த நண்பர்கள்தான். டிசம்பரில் நடக்கும் சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவில் மாணவர்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு, விடாதீர்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சினிமாப் புத்தகங்களைக் காசு செலவில்லாமல் உட்கார்ந்து படிக்கலாம். கொளத்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு முதல்வர் படைப்பகம் இருக்கிறது. வீட்டில் இடமில்லாதவர்கள் ஸ்கிரிப்ட் எழுத நல்ல இடம்.

ஆங்கிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கேமரா மேனுவல், மென்பொருள் பாடம் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

என்ன வேலை கிடைக்கும்

இயக்கம் படித்தவர் உதவி இயக்குநராகத்தான் தொடங்குவார். கிளாப், கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் உடை, பொருள் மாறாமல் பார்ப்பது), ஆர்ட்டிஸ்ட்டுக்கு டயலாக் கொடுப்பது, கதை டிஸ்கஷனில் உட்காருவது. அப்புறம் அசோசியேட், கோ-டைரக்டர். முதல் சில வருடம் சம்பளத்தைவிட பேட்டாவை (தினப்படி) நம்பி ஓடும் வாழ்க்கை இது, படத்துக்கும் படத்துக்கும் நடுவே இடைவெளி விழும். அந்த இடைவெளியில் சோறு போட எடிட்டிங், சப்டைட்டில், விளம்பர ஸ்கிரிப்ட் என்று இன்னொரு கைத்தொழில் இருந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேமராவில் உதவியாளராகச் சேர்ந்து, லென்ஸ் மாற்றுவதில் தொடங்கி, ஃபோகஸ் பிடிப்பவராகி மேலே வரலாம். கேமரா வாடகைக்கு விடும் கம்பெனியில் சில மாதம் வேலை பார்ப்பது நல்ல குறுக்குவழி. எல்லா கேமராவும் கைக்கு வரும். எடிட்டிங் உதவியாளர் ஃபுட்டேஜை ஒழுங்குபடுத்தி, ஒலியோடு சேர்த்து, டி.ஐ.க்கும் கிராஃபிக்ஸுக்கும் சவுண்டுக்கும் பிரித்து அனுப்புகிறார். ஒழுங்கு உள்ளவர்களுக்கு வேலை நிற்காத இடம் அது.

சவுண்டை நான் எல்லோரிடமும் வலியுறுத்திச் சொல்வேன். லொகேஷன் சவுண்ட், டயலாக் எடிட்டிங், ஃபோலி (காலடி, கதவு போன்ற சத்தங்களை ஸ்டுடியோவில் உருவாக்குவது), மிக்ஸிங் எனப் பல பிரிவு. விரும்பி வருகிறவர்களோ கொஞ்சம் பேர். தமிழில் இன்னும் பெரும்பாலும் டப்பிங்தான் என்றாலும் ஸ்பாட்டிலேயே ஒலி எடுக்கும் பழக்கம் வளர்ந்து வருகிறது, அதற்குத் தெரிந்த ஆட்கள் வேண்டும்.

கலைத்துறையில் நம் பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் பலம் உண்டு. தச்சு வேலை, வெல்டிங், பெயின்டிங், சைன்போர்டு எழுதுவது என்று அப்பாவோ மாமாவோ செய்யும் வீட்டில் வளர்ந்தவருக்கு செட் எப்படி நிற்கும் என்பது பாதி தெரியும். அதோடு வரைபடம் போடவும் பட்ஜெட் எழுதவும் கற்றால் உதவிக் கலை இயக்குநராகப் போகலாம். விஷுவல் எஃபெக்ட்ஸ் ஸ்டுடியோக்களில் மாதச் சம்பளம் வரும். ரோட்டோ (ஃபிரேமில் உருவங்களைத் தனியாக வெட்டியெடுப்பது), பெயின்ட் (வேண்டாததை அழிப்பது) வேலையில் தொடங்கி, எல்லாவற்றையும் ஒரே காட்சியாகச் சேர்க்கும் காம்போசிட்டிங்கிற்கு உயரலாம். அங்கேயே தேங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சினிமாவுக்கு வெளியே விளம்பரப் படம், டி.வி. சேனல், ஓ.டி.டி., யூடியூப், கல்யாண வீடியோ, நிறுவனங்களுக்கான ஆவணப்படம் எல்லாம் இருக்கின்றன. கல்யாண வீடியோவைக் கேவலமாகப் பார்க்காதீர்கள். ரீடேக் இல்லாமல் எடுக்கும் பயிற்சி வேறு எங்கும் கிடைக்காது. படிப்பில் ஆர்வமுள்ளவர்கள் முதுகலை முடித்து நெட் (கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு) எழுதிக் கல்லூரி ஆசிரியராகலாம். விஸ்காம் துறைகளுக்கு ஆட்கள் தேவைப்பட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

தமிழ்த் திரைத்துறையில் தொழில்நுட்ப வேலை பார்க்க அந்தந்தத் துறைச் சங்கத்தின் உறுப்பினர் அட்டை தேவைப்படும். ஃபெஃப்சி என்ற கூட்டமைப்பின் கீழ் 20-க்கும் மேற்பட்ட சங்கங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி விதி, தனிக் கட்டணம். கடைசி வருடத்திலேயே உங்கள் துறைச் சங்க அலுவலகத்துக்கு நேரில் போய், படித்துவிட்டு வருகிறவர்களுக்கு என்ன நடைமுறை என்று கேட்டுக்கொண்டு, கட்டணத்துக்கு இப்போதிருந்தே சேமியுங்கள். கார்டு வாங்கித் தருகிறேன் என்று இடையில் வருகிறவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

வேலை கேட்டுப் போகும்போது இரண்டு நிமிடத்துக்குள் முடியும் ஷோரீலும் (செய்த வேலைகளின் தொகுப்பு வீடியோ), அதில் நீங்கள் செய்த வேலை எது என்ற ஒரு பக்கக் குறிப்பும் போதும். நண்பர் எடுத்த ஷாட்டை உங்களுடையது என்று போட்டால் இந்தச் சின்ன ஊரில் ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். சம்பளம், பேட்டா, எத்தனை நாள், டைட்டிலில் பெயர் வருமா என்ற நான்கையும் பேசி முடித்த அன்றே வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பான் கார்டும் பேங்க் கணக்கும் தயாராக இருக்கட்டும். சம்பளத்தில் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்தால், வருமானம் வரி வரம்புக்குள் இருக்கும் பட்சத்தில் வருமான வரித் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். புதிதாக வருகிறவர்களில் பலர் கேட்காமலேயே விட்டுவிடும் பணம் அது.